கிட்டாரின் தலையெழுத்து

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. தீசிஸ் ஒரு பக்கம், இருட்டு ஒரு பக்கம். (டிசம்பர்ல மூணேகாலுக்கே சூரியன் கடையைச் சாத்துற ஊர்ல உக்காந்துக்கிட்டு வாரத்துக்கு ரெண்டு பதிவு போடுறவங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.) ஆனா போன மாசம் ஒரு வாக்குவாதம், இன்னும் மண்டைக்குள்ளேயே சுத்திக்கிட்டு இருக்கு. எழுதி இறக்கி வெச்சாத்தான் தீரும். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க மக்களே.

சனிக்கிழமைகள்ல எனக்குச் சோறு போடுற யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒண்ணு இருக்கு, குரூருட் பக்கம். அண்ணை 80களோட கடைசியில இங்க வந்தவர். முதல்ல வடக்கே ஃபின்மார்க்குல மீன் தொழிற்சாலை, அப்புறம் ஓஸ்லோ. இன்னிக்கும் ராத்திரி ஷிஃப்டுதான். பையனுக்கு பதினஞ்சு வயசு. கிட்டார் பைத்தியம் பிடிச்சு ஒரு வருஷம் ஆச்சு. இவ்வளவு நாள் பள்ளிக்கூடத்து கிட்டார்ல ஓட்டினான், இப்ப சொந்தமா ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வேணுமாம். அக்கா மீன் குழம்பை ஊத்திட்டுப் போனதும் அண்ணை ஆரம்பிச்சார்.

"தம்பி, உமக்கு உந்தக் கிட்டார் விசயம் தெரியும்தானே. இவனுக்கு ஒண்டு எடுக்கவேணும். பேர் உள்ள சாமானாச் சொல்லும். கிப்சன் எண்டுதான் இவன் கேக்கிறான். காசைப் பற்றி யோசிக்காதையும்."

கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்டு இங்க 30 ஆயிரம் குரோனர் பக்கம் வரும். நம்ம காசுல ரெண்டரை லட்சம். (எதைப் பார்த்தாலும் எட்டரையால பெருக்குற வியாதி எனக்கு இன்னும் போகலை.) நான் குழம்பை மறந்துட்டு, "எதுக்கு அண்ணை அவ்வளவு? அஞ்சாறாயிரத்துல முடிச்சுடலாம், அதுல ஆம்ப்பும் சேர்த்து"ன்னேன். அண்ணை முகம் சுருங்கிப் போச்சு.

விஷயம் என்னன்னா, இங்க பதினாலு பதினஞ்சு வயசுப் பிள்ளைகளுக்கு கொன்ஃபிர்மஷூன்னு ஒரு சடங்கு உண்டு. சர்ச்சுல பண்றவங்க பண்ணுவாங்க, சர்ச்சு வேண்டாங்கிறவங்களுக்கு மதம் இல்லாத ஒண்ணும் இருக்கு. நம்ம ஊர் காதுகுத்து மாதிரி சொந்தக்காரங்க எல்லாம் மொய் வெப்பாங்க, அதுவும் கணிசமா. பையனோட வகுப்புத் தோழன் ஒருத்தனுக்கு அந்தக் காசுல கிப்சன் வந்திருச்சு. "அவங்கட பிள்ளையளுக்கு முன்னால என்ர பிள்ளை குறைஞ்ச சாமானோட நிக்கக்கூடாது தம்பி"ன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, யாருக்கோ சொல்ற மாதிரி: "நான் ஊரில இருக்கேக்க கோயில் திருவிழாவுக்கு இசைக்குழு வந்தால் பாட்டுக் கேக்கிறேல்ல. கிட்டார் அடிக்கிறவரைத்தான் பாத்துக்கொண்டு நிப்பன்."

இதுக்கு மேல எனக்கு வாய் வரலை. ஒரு அப்பா தன் பையனுக்குக் குறைஞ்சதைக் குடுக்க மாட்டேன்னு சொல்லும்போது, சோத்துல கை வெச்சுக்கிட்டு என்னத்த எதிர்த்துப் பேசறது? ஆனா அவர் சொன்னது தப்புன்னு அப்பவும் நினைச்சேன், இப்பவும் நினைக்கிறேன். விலை குறைஞ்சது வேற, குறைஞ்ச சாமான் வேற. எலெக்ட்ரிக் கிட்டார்ல இந்த ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமே இல்லை.

முதல்ல, இந்த வாத்தியத்தோட பூர்வீகத்தைப் பாருங்க. லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவுல ரேடியோ ரிப்பேர் கடை வெச்சிருந்தவர். அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1950ல் டெலிகாஸ்டரோட முன்னோடி, 1954ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். ரெண்டுலயும் அவர் பண்ணின பெரிய காரியம், கழுத்தைப் பசை போட்டு ஒட்டாம நாலு திருகாணியில முடுக்கினது. ஏன்? சீக்கிரமா, மலிவா, நிறைய செய்யணும். கழுத்து கெட்டுப்போனா கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டிக்கலாம். கட்டில் செய்யற மாதிரிதான். அதாவது இன்னிக்கு நாம கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுக் கும்பிடுற அந்த சாமானே, மேசையில அறுத்து அடுக்கி முடுக்கி வெளிய தள்றதுக்காக யோசிக்கப்பட்ட ஃபேக்டரி சரக்கு. அதுக்கு மேல ஏறின புனிதம் எல்லாம் பின்னாடி வந்தது.

அடுத்தது மரம். "நல்ல மரம்னா தான் நாதம்"னு கடைக்காரங்க அடிச்சு விடுவாங்க. வீணைக்கு அது வேதவாக்கு. தஞ்சாவூர் வீணையைப் பலா மரத்துல குடையறாங்கன்னா அதுக்குக் காரணம் இருக்கு; அங்க சத்தத்தை ஊருக்குக் கொண்டு போறதே அந்தக் குடம்தான். எலெக்ட்ரிக் கிட்டார் அப்படி இல்லை. கம்பிக்குக் கீழ காந்தம், அதைச் சுத்தி மயிரிழை மாதிரி செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுத்து. இரும்புக் கம்பி அதிர்ந்தா செம்புச் சுருள்ல மின்சாரம் உண்டாகுது, அதுதான் ஆம்ப்புக்குப் போகுது. பிக்கப் கேக்கறது கம்பியை, மரத்தை இல்லை. மரத்துக்குப் பங்கே கிடையாதுன்னு நான் சொல்லலை. கழுத்து வளையாம நிக்கணும், உடம்பு கெட்டியா இருக்கணும், கம்பி நீண்ட நேரம் அதிரணும். ஆனா சத்தத்தை மாத்தணும்னா பிக்கப்பையும் ஆம்ப்பையும் மாத்தினா தெரியுற வித்தியாசத்துல பத்துல ஒரு பங்கு கூட மரத்தை மாத்தினா தெரியாது, என் காதுக்கு. (மரக் கட்சிக்காரங்க அடிக்க வராதீங்க, உங்க காது என் காதை விட நல்ல காதா இருக்கலாம்.)

மரம்னு வந்ததால ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். 2011 ஆகஸ்ட்டுல அமெரிக்க அரசாங்கம் கிப்சனோட தொழிற்சாலைகள்ல புகுந்து சோதனை போட்டுச்சு. எதுக்கு? இந்தியாவிலிருந்து போன ஈட்டி மரமும் கருங்காலியும். சட்டத்துக்கு உட்பட்டு ஏத்துமதி ஆனதாங்கறது கேள்வி. அடுத்த வருஷம், அதுக்கு முன்னாடி நடந்த மடகாஸ்கர் கருங்காலி விவகாரத்துல 3 லட்சம் டாலர் அபராதம் கட்டிச் சமாதானமாப் போனாங்க. ஈட்டி நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை மரம். அதை வெட்டாம காப்பாத்த தமிழ்நாட்டுல 1994ல் தனிச் சட்டமே போட்டாங்க. ரெண்டரை லட்சம் ரூபா கிட்டார்ல விரல் படுற இடத்துல பெருமையா உக்காந்திருக்கிற அந்தக் கறுப்பு பலகையோட ஜாதகத்தைப் பார்த்தா, அது நம்ம நீலகிரி, வயநாட்டுக் காட்டுச் சொந்தக்காரனாக் கூட இருக்கலாம். அண்ணைகிட்ட இதைச் சொன்னப்ப அவருக்கு ஒரே சிரிப்பு.

சரி, அப்ப விலை எங்கேருந்து வருது? கொஞ்சம் அமெரிக்கக் கூலி, கொஞ்சம் முடிப்பு வேலை. மிச்சம் எல்லாம் தலையில. கிட்டாரோட தலைப் பகுதியை ஹெட்ஸ்டாக்னு சொல்லுவாங்க, கம்பியை முறுக்குற சாவி எல்லாம் இருக்கிற இடம். அங்கதான் பேரை எழுதியிருப்பாங்க. அந்தத் தலையெழுத்துக்குத்தான் காசு.

மிகைப்படுத்துறேன்னு நினைக்காதீங்க, வழக்கே நடந்திருக்கு. 70கள்ல ஜப்பான்காரங்க அமெரிக்க கிட்டாரை அப்படியே காப்பி அடிச்சு, ஒரிஜினலை விட நல்லாவே செய்ய ஆரம்பிச்சாங்க. 1977ல் கிப்சனோட தாய் நிறுவனம் நார்லின், ஐபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவுல வித்துக்கிட்டு இருந்தவங்க மேல வழக்குப் போட்டுச்சு. எதுக்காக? சத்தத்துக்காக இல்லை. தலையோட வடிவத்துக்காக! கோர்ட்டுக்கு வெளியிலயே சமாதானமாகி ஐபனெஸ் தலையை மாத்திக்கிட்டு அது பாட்டுக்குப் போச்சு. ஃபெண்டர் தன் கிட்டார்களோட உடம்பு வடிவத்துக்கே டிரேட்மார்க் கேட்டப்ப, 2009ல் அமெரிக்க டிரேட்மார்க் வாரியம் குடுக்க மாட்டேன்னுடுச்சு. ஊரெல்லாம் செய்யற வடிவம், அதுல உனக்கு மட்டும் என்ன தனி உரிமைன்னு. ஆக, அமெரிக்காவுல ஃபெண்டர் வடிவ உடம்பை யார் வேணா செய்யலாம், தலை மட்டும் அவங்களுது.

ஃபெண்டர் கதை இன்னும் சுவாரசியம். 1965ல் லியோ கம்பெனியை 130 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ்.க்கு வித்துட்டார். அதுக்கப்புறம் தரம் சரிஞ்சுது, ஜப்பான் காப்பிகள் கழுத்தைப் பிடிச்சுது. முள்ளை முள்ளால எடுக்கற கதையா, 1982ல் ஃபெண்டரே ஜப்பான்ல கூட்டுக் கம்பெனி போட்டு, ஃபூஜிஜென் தொழிற்சாலையில தன் கிட்டாரைத் தானே மலிவா செய்ய வெச்சு, ஸ்குவையர்னு பேர் போட்டு வித்துச்சு. அந்த 'மலிவு' ஸ்குவையரை இப்ப பழைய சாமான் சேகரிக்கறவங்க தேடித் தேடி வாங்கறாங்க. எபிஃபோனும் அப்படித்தான். ஒரு காலத்துல கிப்சனோட போட்டிக் கம்பெனி, 1957ல் கிப்சனோட முதலாளிங்க வாங்கிட்டாங்க. பீட்டில்ஸ்ல லெனான், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூணு பேர்கிட்டயும் எபிஃபோன் கசினோ இருந்துச்சு. (நியாயமா ஒண்ணு சொல்லணும்: அப்ப அது கிப்சன் தொழிற்சாலையிலயே செஞ்சது. இப்ப சீனாவுல.)

இப்போ இந்த நடு விலை கிட்டார்கள்ல நிறைய இந்தோனேசியாவுலேர்ந்து வருது. யமஹா பசிஃபிகா அங்க. கோர்ட்னு ஒரு கொரியக் கம்பெனி தன் பேர்லயும் செய்யுது, பி.ஆர்.எஸ். எஸ்.ஈ. மாதிரி மத்தவங்க பேர்லயும் செஞ்சு குடுக்குது. ஒரே கூரை, வேற வேற தலையெழுத்து. ஆனா மலிவுன்னதும் குதிக்கறதுக்கு முன்னாடி இதையும் தெரிஞ்சுக்கோங்க: அதே கோர்ட் 2007ல் கொரியாவுல இருந்த தொழிற்சாலையை மூடினப்ப வேலை போனவங்க 2019 வரைக்கும் போராடினாங்க. பன்னெண்டு வருஷம். அதுல சிலர் சேர்ந்து ஒரு பேண்டே ஆரம்பிச்சாங்க. வாழ்நாள் எல்லாம் அடுத்தவனுக்கு கிட்டார் செஞ்சவங்க. என் கிட்டாரோட முதுகுல 'மேட் இன் இந்தோனேசியா'ன்னு பார்க்கும்போது பெருமையும் வர்றதில்லை, கேவலமும் வர்றதில்லை. யாரோ ஒரு ஆள் உக்காந்து தேய்ச்சிருக்கார், அவ்வளவுதான். இளக்காரமாப் பேசறவங்களைப் பார்த்தாத்தான் எரிச்சல்.

அப்ப எதைத்தான் பார்த்து வாங்கறது? என் சொந்த அனுபவத்துல சூடு பட்டுக்கிட்டது இருக்கு. திருச்சியில பன்னெண்டாவது படிக்கும்போது அப்பாவை நச்சரிச்சு ஒரு கிட்டார் வாங்கினேன். கடை பேரும் வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம். கம்பிக்கும் பலகைக்கும் நடுவுல சுண்டு விரல் புகும். அழுத்தி அழுத்தி விரல் கன்னிப்போய், 'எனக்கு சங்கீதம் வராது போல'ன்னு முடிவு பண்ணி ரெண்டு வருஷம் அதைத் தொடலை. அப்புறம் காலேஜ்ல ஒரு சீனியர் அதை வாங்கிப் பார்த்துட்டு, நட்டை அரத்தால ராவி, கம்பியை இறக்கி, அரை மணி நேரத்துல வேற கிட்டாரா ஆக்கிக் குடுத்தார். கோளாறு என்கிட்ட இல்லைன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. மலிவான கிட்டார் ஒரு பிள்ளையோட ஆசையைக் கொல்லும்னு அண்ணை பயப்படறது நியாயம்தான். ஆனா என் ஆசையைக் கொன்னது மலிவு இல்லை, சரி பண்ணாத கிட்டார். சரி பண்ணலைன்னா முப்பதாயிரத்து கிட்டாரும் அதையேதான் செய்யும்.

அதனால கடையிலயோ, ஃபின் தளத்துல பழசு விக்கிறவங்க வீட்டுலயோ கையில எடுத்தா நான் பாக்கறது இதுதான். முதல்ல தலையை மறந்துட்டு கழுத்து. கொத்தனார் நூல் பிடிச்சு சுவரைப் பார்ப்பார் இல்லையா, அந்த மாதிரி ஒரு கண்ணை மூடிக்கிட்டு கழுத்தோட நீளத்துக்குப் பார்க்கணும். லேசா ஒரு குழிவு இருக்கலாம், முறுக்கிக்கிட்டு இருந்தா வெச்சுட்டு வந்துடுங்க. கழுத்துக்குள்ள ட்ரஸ் ராட்னு ஒரு இரும்புக் கம்பி ஓடுது, வளைவைச் சரி பண்ண. அது திரும்புதான்னு கேளுங்க. அப்புறம் உள்ளங்கையைக் கழுத்தோட ஓரத்துல வெச்சு மேலேர்ந்து கீழ வரைக்கும் ஓட்டுங்க. கை கீறினா, ஃப்ரெட் முனை வெளிய வந்திருக்குன்னு அர்த்தம்.

இந்தக் கடைசி விஷயம் ஓஸ்லோ மாதிரி ஊருக்கு ரொம்ப முக்கியம். வெளிய மைனஸ் பத்து, உள்ள ஹீட்டர். குளிர்காலத்துல வீட்டுக்குள்ள காத்து பாலைவனம் மாதிரி காய்ஞ்சு போகும், ஈரப்பதம் 20, 25 சதவீதத்துக்கு எல்லாம் இறங்கும். கிட்டாருக்குத் தேவை 40லேர்ந்து 50. மரம் சுருங்கும், உலோக ஃப்ரெட் சுருங்காது. வீணையில மெட்டு மெட்டா இருக்குமே, அந்த மாதிரி குறுக்க இருக்கிற ஃப்ரெட்டோட முனை எல்லாம் பலகைக்கு வெளிய ரம்பம் மாதிரி நீட்டிக்கும். முதல் ஜனவரியில என் கிட்டாருக்கு இதே கதி. எவ்வளவு விலை குடுத்தாலும் மரம் மரம்தான், அதுக்கு விலை தெரியாது. பெட்டிக்குள்ள வைங்க, கூடவே ஈரப்பதம் குடுக்கற சின்ன சாமான் ஒண்ணு போட்டு வைங்க. நூறு இருநூறு குரோனர் சமாச்சாரம்.

அப்புறம் ஒவ்வொரு கம்பியிலயும் ஒவ்வொரு ஃப்ரெட்டா நிதானமா வாசிக்கணும். கடைக்காரன் முறைப்பான், முறைக்கட்டும். எங்கயாவது 'ஸ்ஸ்'னு இரையுதா, எங்கயாவது சத்தம் செத்துப் போகுதா. பன்னெண்டாவது ஃப்ரெட் மேல கம்பியை அழுத்தாம தொட்டு மீட்டினா மணி மாதிரி ஒரு ஸ்வரம் வரும். அதே இடத்துல அழுத்தி மீட்டினா அதே ஸ்வரம் வரணும். வரலைன்னா பிரிட்ஜ்ல திருகி சரி பண்ணலாம், பயப்பட வேண்டாம். வால்யூமைத் திருகும்போது கரகரன்னா அதுவும் சின்ன வேலை. கழுத்தும் ஃப்ரெட்டும்தான் பெரிய வேலை, அதுல மட்டும் சமரசம் கூடாது.

நம்ம ஆளுங்களுக்குன்னு தனியா ஒண்ணு. நாம கம்பியை வெறுமனே மீட்டறதில்லை, இழுப்போம். கமகம் இல்லாம நம்ம காதுக்குப் பசி ஆறாது. கர்நாடக சங்கீதத்தை எலெக்ட்ரிக் கிட்டார்ல வாசிக்கற பிரசன்னாவோட இடது கையைக் கவனிச்சுப் பாருங்க, புரியும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டை இரட்டையா இருந்த கம்பியை எல்லாம் எடுத்துட்டு அஞ்சு ஒத்தைக் கம்பியாப் போட்டுக்கிட்டதும் இதுக்காகத்தான். வாத்தியத்தைத் தன் சங்கீதத்துக்கு வளைச்சார். இதுல ஒரு வேடிக்கை. பழைய பாணி ஃபெண்டர்ல விரல் பலகை உருண்டையா வளைஞ்சிருக்கும், வளைவோட ஆரம் 7.25 அங்குலம். கம்பியைத் தாழ்வா வெச்சுக்கிட்டு மேல வேகமா இழுத்தா அடுத்த ஃப்ரெட்டுல தட்டி சத்தம் நின்னுடும். விலை குறைஞ்ச பசிஃபிகா 112ல் அது 13.75 அங்குலம், கிட்டத்தட்டத் தட்டை. இழுக்க வசதி. அதாவது நம்ம வேலைக்கு, அந்தப் பழைய பாணி அமெரிக்க அசலை விட இந்த மலிவு சாமான் பொருத்தம். கம்பியும் ரொம்ப தடியா வேண்டாம், ஒன்பதுல ஆரம்பிக்கிற செட்டு போதும். இழுத்து இழுத்துப் பார்த்துட்டு மறுபடி ஸ்ருதி பாருங்க. விலகியிருந்தா பெரும்பாலும் சாவி மேல தப்பு இல்லை, நட்டுல கம்பி சிக்குது. பென்சிலைக் கூராக்கி அந்தப் பள்ளத்துல ரெண்டு தேய்ப்பு தேய்ங்க, பாதி நேரம் சரியாயிடும்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. கிப்சனை வித்தா நல்ல விலை போகும், என் கிட்டாரை வித்தா ரெண்டு வேளை பிட்சா. மேடையே பிழைப்பா இருக்கறவங்க, அந்தத் தொடுகையை உணர்ற விரல் இருக்கறவங்க வாங்கட்டும், நான் பொறாமைப்பட்டுக்கிட்டே கைத்தட்டுவேன். ஆனா பதினஞ்சு வயசுப் பையனுக்கு ரெண்டரை லட்சத்து கிட்டார் குடுத்தா, அவன் அதைக் கீறல் படாம காப்பாத்துவானா, வாசிப்பானா?

அண்ணைகிட்ட நான் கடைசியா எடுத்து விட்டது பிரையன் மே கதை. 1963ல், லண்டன்ல, பதினாறு வயசு. ஃபெண்டர் வாங்க வீட்டுல வசதி இல்லை. அப்பா ஹரால்ட், மின்னணு வேலை தெரிஞ்சவர். அப்பாவும் பிள்ளையுமா சேர்ந்து பழைய கணப்படுப்போட மரத்தை அறுத்து கழுத்து செஞ்சாங்க. மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங், அம்மாவோட பின்னல் ஊசி முனை எல்லாம் அதுல உள்ள போச்சு. குயீன் பேண்டுல உலகமே கேட்ட சத்தம் அந்த கிட்டார்லேர்ந்து வந்தது. இன்னும் அதைத்தான் வாசிக்கிறார். நம்ம பக்கத்துக்கு வந்தா, 1982ல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்துல 'இளைய நிலா'வுக்கு கிட்டார் வாசிச்சவர் ஆர். சந்திரசேகர்னு நமக்குத் தெரியும். அது என்ன கம்பெனி கிட்டார்னு உங்கள்ல யாராவது ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா? நானும் கேட்டதில்லை.

அண்ணை கேட்டுட்டு, "நீர் கதைக்கிறது சரிதான், ஆனா மனம் கேக்குதில்லை"ன்னார்.

அடுத்த சனிக்கிழமை மூணு பேருமாக் கடைக்குப் போனோம். அவர் கண்ணாலயே பார்த்துக்கட்டும்னுதான். பையன் முதல்ல கிப்சனை எடுத்தான். முகம் அப்படியே பூரிச்சுப் போச்சு, அண்ணைக்கு அதைவிட. லெஸ் பால்னா நாலு கிலோவைத் தாண்டும், அந்தக் கனத்துக்காகவே அதை விரும்பறவங்க உண்டு. பையன் ஒல்லி. கால் மணி நேரத்துல தோளை மாத்தி மாத்திக் குடுத்தான். அப்புறம் நான் எபிஃபோன், ஸ்குவையர், பசிஃபிகா ஒவ்வொண்ணா நீட்டினேன், எல்லாத்தையும் ஒரே ஆம்ப்புல. அண்ணையைத் திரும்பி நின்னுக்கச் சொல்லி, "எது கிப்சன் சொல்லுங்க"ன்னேன். ரெண்டு தடவை தப்பு, ஒரு தடவை சரி. "நான் கிட்டார்க்காரன் இல்லைத்தானே"ன்னார். பையன் பசிஃபிகாவைக் கீழ வைக்கவே இல்லை. ஏன்டான்னு கேட்டா, கை தானாப் போகுதுன்னான். இதுக்கு மேல ஒரு காரணம் வேணுமா?

கடையில புதுசா வாங்கினா ஒரு வசதி: இங்க நுகர்வோர் சட்டப்படி நீண்ட நாள் உழைக்க வேண்டிய பொருள்ல முதல்லயே இருந்த குறையை 5 வருஷம் வரைக்கும் போய்ச் சொல்லலாம். ஜெர்மனியிலேர்ந்து வரவழைச்சா மலிவு மாதிரி தெரியும், ஆனா நார்வே ஐரோப்பிய யூனியன்ல இல்லை, 25 சதவீத வரி ஏறும், அதையும் கூட்டிப் பாருங்க. நாங்க ரெண்டும் பண்ணலை. லில்லெஸ்ட்ரோம்ல ராணுவ சேவைக்குப் போகப் போற ஒரு பையன் தன் பசிஃபிகாவை 2,200 குரோனருக்குப் போட்டிருந்தான். கொத்தனார் கண்ணோட பார்த்தேன், உள்ளங்கையை ஓட்டினேன், சுத்தமா இருந்துச்சு. ஒரு கிட்டார் பட்டறையில 900 குடுத்து புதுக் கம்பி, நட், உயரம் எல்லாம் சரி பண்ணியாச்சு. ஆம்ப் ஒண்ணு 2,000. மிச்சத்தை வெச்சு வாத்தியார் கிட்ட சேர்த்து விடுங்க அண்ணைன்னேன். தலையாட்டினார். முழுசா சமாதானம் ஆகலைன்னு தெரிஞ்சுது.

ட்ரெயின்ல வரும்போது பையை அவர்தான் தோள்ல மாட்டிக்கிட்டார், பையன் கையில குடுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து தலையைப் பார்த்தார். "உதில என்ன எழுதிக்கிடக்கு?"

"யமஹா அண்ணை."

"யமகாவோ? மோட்டசைக்கிள் கொம்பனியே?"

அதே பேர்தான், ஆனா அவங்க 1887ல் ஆர்கன் வாத்தியத்துல ஆரம்பிச்சவங்க, பைக் எல்லாம் 1955ல் தான், முத்திரையைப் பாருங்க மூணு ஸ்ருதிக் கவைன்னு நான் விளக்கு விளக்குன்னு விளக்கினேன். அவர் காதுல எதுவும் ஏறின மாதிரி தெரியலை. முகம் மட்டும் மலர்ந்து போச்சு. "அண்ணரிட்ட ஊரில யமகாதான் நிண்டது. எனக்குத் தொடக் குடுக்கமாட்டார்"னு சொல்லிட்டு, கனடாவுல இருக்கிற அந்த அண்ணருக்கே உடனே ஃபோனைப் போட்டார்.

"அண்ணை, பெடியனுக்கு யமகா ஒண்டு எடுத்துக் குடுத்திருக்கிறன்!"

ஸ்பீக்கர்ல அந்தப் பக்கத்துலேர்ந்து குரல் கேட்டுச்சு:

"எத்தினை சீசீ?"